வேலை போன பிறகு முதல் மூன்று மாதம்: விசுவாசிக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

இந்த அத்தியாயம் யாருக்கு

லாரி பாடி பட்டறையில் ஆர்டர் குறைந்ததால் கணக்கு முடித்து அனுப்பப்பட்ட வெல்டர். கோழிப்பண்ணை கைமாறியதும் வேண்டாமென்று சொல்லப்பட்ட சூப்பர்வைசர். தேர்வு முடிவு வந்த வாரமே "அடுத்த வருஷத்துக்கு வேற ஆள் பார்த்துட்டோம் மேடம்" என்று கேட்ட உறைவிடப் பள்ளி ஆசிரியை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பில் போட்டவர், நூற்பாலையில் ஷிப்டு பார்த்தவர், எதிர்பார்த்த பதவி உயர்வு கைநழுவி மனம் ஒடிந்தவர். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இப்படி யாராக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவராக இருந்தால், இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான்.

இதில் உள்ள எட்டுப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றே: இழப்பை மறைக்காதீர்கள். கடவுளிடம், வீட்டில், சபையில் என்று இந்த வரிசையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் ஊரில் வேலை போனவர் பெரும்பாலும் முதலில் மறைக்கத்தான் பார்க்கிறார். காலை எட்டு மணிக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். அண்ணா பூங்கா பெஞ்சிலோ நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலோ பகலைக் கழித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். செலவு அதே வேகத்தில் ஓடும். கடன் ரகசியமாக ஏறும். விஷயம் வெளியே வரும் நாளில் வேலையோடு நம்பிக்கையும் போயிருக்கும்.

தொடங்கும் முன்: மூன்று எச்சரிக்கைகள்

- எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் (படி 4).
- முதல் வாரத்தில் புதுக் கடன், புதுத் தொழில், ஊர் மாற்றம் பற்றி எந்த முடிவும் வேண்டாம்.
- "செத்துப்போனால் தேவலை" என்ற எண்ணம் வந்தால், மற்ற படிகளை விட்டுவிட்டு "உடனே உதவி" பகுதிக்குப் போங்கள்.

படி 1: சாப்பிடுங்கள், தூங்குங்கள் (முதல் மூன்று நாள்)

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி ஓடிக் களைத்து ஒரு செடியடியில் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்கிறார். கடவுள் அவருக்கு உடனே பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விடுகிறார், சுட்ட அப்பமும் தண்ணீரும் தருகிறார், மறுபடி தூங்க விட்டு மறுபடி சாப்பிட வைக்கிறார். "இங்கே உனக்கு என்ன வேலை" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. உங்களுக்கும் அதே வரிசைதான்.

1. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பசிக்கவில்லை என்றாலும் இரண்டு இட்லியாவது, ஒரு டம்ளர் மோராவது உள்ளே போகட்டும்.
2. இரவு பத்து மணிக்குமேல் போனைப் பார்க்காதீர்கள். பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்யுங்கள். கோபத்தில் வெளியேறிவிட வேண்டாம்; அதில் உள்ள எண்கள் பின்னால் வேண்டியிருக்கும்.
3. வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் நடங்கள்.
4. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

கவனம்: வேலை போன உடனே மூன்று நாள் உபவாசம், தொடர்ந்து முழு இரவு ஜெபம் என்று இறங்குகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே தூக்கம் கெட்ட உடம்பை அது மேலும் கெடுக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு ஆபத்தும்கூட. உபவாசத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: கடவுளிடம் முறையிடுங்கள் (முதல் வாரம்)

"எல்லாம் நன்மைக்கே" என்று முதல் நாளே சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பகுதி முறையீடுதான். 88ஆம் சங்கீதம் கடைசிவரை ஆறுதல் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. தினமும் இருபது நிமிடம் போதும்:

1. கதவைச் சாத்தி உட்காருங்கள். வீட்டில் இடமில்லை என்றால் மொட்டை மாடி, அல்லது பகலில் திறந்திருக்கும் ஆலயம். சேலத்தில் நான்கு ரோடு பக்கம் இருப்பவருக்குக் குழந்தை இயேசு பேராலயமும், அஸ்தம்பட்டி பக்கம் இருப்பவருக்குக் கிறிஸ்து நாதர் ஆலயமும் அருகில்.
2. சங்கீதம் 13, 42, 77, 88 இவற்றில் ஒன்றைச் சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். கத்தோலிக்கர் தங்கள் திருவிவிலியத்தில் திருப்பாடல்கள் பகுதியில் இதே எண்களில் பார்க்கலாம்.
3. நடந்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். யார் மேல் கோபம், எந்தத் தேதியில் எந்தப் பணம் கட்ட வேண்டும், எதற்குப் பயம் எல்லாமே. "ஆண்டவரே, ஆசீர்வதியும்" என்ற பொதுவான வரியோடு எழுந்துவிடாதீர்கள்.
4. அன்றைக்கு மட்டும் தேவைப்படும் ஒன்றைக் கேளுங்கள்.
5. ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் கேட்டதையும் வலது பக்கம் அன்று நீங்கள் செய்யப்போகும் ஒரு வேலையையும் எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கக் கூடாது.

நெகேமியா இதற்கு நல்ல மாதிரி. எருசலேமின் மதில் இடிந்த செய்தி கேட்டு அழுதார், உபவாசித்தார். ராஜாவே காரணம் கேட்டபோது மனதுக்குள் ஜெபித்துவிட்டு, எத்தனை நாள் விடுப்பு, எந்த அதிகாரிக்குக் கடிதம், மரம் எங்கிருந்து என்று விவரமாகக் கேட்டு வாங்கினார்.

படி 3: வீட்டில் சொல்லுங்கள் (48 மணி நேரத்துக்குள்)

1. கணவன் அல்லது மனைவியிடம் முதலில். பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிவியை அணைத்துவிட்டு.
2. செய்தியையும் கையில் உள்ள பணத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இப்படி: "இன்னைக்குக் கம்பெனியில என்னைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. ரெண்டு மாசச் செலவுக்குக் கைல இருக்கு. அதுக்குள்ள என்ன பண்ணலாம்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம்."
3. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப: "அப்பாவுக்கு இப்ப வேலை இல்ல சாமி, தேடிட்டு இருக்கேன். உன் படிப்பு நிக்காது." காப்பாற்ற முடியாத வாக்குறுதி எதையும் சேர்க்க வேண்டாம்.
4. பெற்றோரிடம் மூன்றாவதாக. மாமனார் வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பை உங்கள் துணையிடமே விட்டுவிடுங்கள்.

குறிப்பு: உறவுக்காரர் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. "ஏன், என்ன தப்புப் பண்ணினாய்" என்று கேட்கக்கூடியவர் யார் என்று உங்களுக்கே தெரியும். "வேற இடம் பார்த்துட்டு இருக்கேனுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது உண்மையும்கூட.

படி 4: காகிதங்களைச் சேருங்கள் (முதல் இரண்டு வாரம்)

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். வரிசையாக:

1. ராஜினாமாக் கடிதம். நிறுவனமே நிறுத்தும்போது "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதச் சொன்னால், "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று நேரம் வாங்குங்கள். ஆட்குறைப்பு என்றால், ஓராண்டுக்கு மேல் வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் இழப்பீடாக உண்டு. தானாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடும்.
2. பணிச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அசல் சான்றிதழ்கள். சில தனியார் நிறுவனங்கள் அசலை வாங்கி வைத்திருக்கும். முதலில் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.
3. பணிக்கொடை. தொடர்ந்து ஐந்தாண்டு வேலை பார்த்திருந்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிடைக்க வேண்டும். தானாக விலகியவருக்கும் உண்டு.
4. பி.எஃப். யு.ஏ.என். எண்ணில் ஆதார், வங்கிக் கணக்கு, போன் எண் சரியாக இணைந்திருக்கிறதா, வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்தபின் நீங்களே இணையத்தில் பதியலாம். பணம் எடுக்கும் விதிகள் மாறிவருவதால் சேலத்தில் உள்ள பி.எஃப். அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டு எடுங்கள். பத்தாண்டுச் சேவை இருந்தால் பிற்காலத்தில் ஓய்வூதியம் வரும். அந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.
5. இ.எஸ்.ஐ. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் வரும். ஆகவே வேலை போன உடனே கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரித் தினக் கூலியில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குத் தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டமும் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறைதான். அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தானாக விலகியவருக்கு இது கிடையாது. முதல் குறிப்பை மறுபடி வாசியுங்கள்.
6. மருத்துவக் காப்பீடு. இ.எஸ்.ஐ. முடியும் முன், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

கணக்கு தீர்க்க மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். அழைப்பு எண் 15100.

"விசுவாசி வழக்குப் போடலாமா?" பழிவாங்கத் துடிப்பது வேறு, உழைத்த கூலியைக் கேட்பது வேறு. கூலியைப் பிடித்து வைக்கிறவனை யாக்கோபின் நிருபம் 5ஆம் அதிகாரம் கடுமையாகக் கண்டிக்கிறது. உரியதைக் கேளுங்கள். திட்டாமல், மிரட்டாமல், எழுத்தில் கேளுங்கள்.

படி 5: பணத்தை எண்ணுங்கள் (முதல் மாதம்)

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசா அவளிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் பாத்திரம் இரவல் வாங்குகிறாள், எண்ணெய் பெருகுகிறது, விற்கிறாள், முதலில் கடனை அடைக்கிறாள், மீதத்தில் பிழைக்கிறாள். அற்புதம் கடவுளுடையது, இருப்பைச் சொன்னதும் பாத்திரம் சேர்த்ததும் விற்றதும் அவள்.

1. இருப்பு. ரொக்கம், வங்கி, சீட்டு, நகை, வரவேண்டிய கைமாற்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்.
2. நிற்கக் கூடாத செலவு. அரிசி மளிகை, வாடகை, மின்சாரம், மருந்து, பள்ளிக் கட்டணம். இதன் கூட்டலால் இருப்பை வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும்.
3. கடன். வட்டி அதிகமானதில் தொடங்கி வரிசைப்படுத்துங்கள். மீட்டர் வட்டி, லோன் ஆப் இரண்டும் முதலில் இருக்கும்.
4. தவணைக்கு முன்னாலேயே பேசுங்கள். வங்கித் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே மேலாளரிடம் எழுத்தில் கால நீட்டிப்புக் கேளுங்கள். குழு லோன் இருந்தால், வசூல் நாளன்று கதவைச் சாத்திக்கொள்ளாமல் முந்தின நாளே குழுத் தலைவியிடம் சொல்லுங்கள். வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.
5. கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ நகையை வையுங்கள். வெற்றுத்தாளிலோ வெறும் காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

காணிக்கை, தசமபாகம்: வரும்படியில் பங்கு கொடுப்பதுதான் தசமபாகம். வரும்படி நின்றிருக்கும்போது கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. பை வரும்போது பத்து ரூபாய் போடுங்கள். இல்லையென்றால் சும்மா இருங்கள், யாரும் கணக்கெடுக்கவில்லை. "விதைக் காணிக்கை அனுப்பு, முப்பது நாளில் வேலை" என்று யூடியூபில் கணக்கு எண் போடுகிறவருக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

படி 6: சபையில் சொல்லுங்கள் (இரண்டாவது ஞாயிறுக்குள்)

வெட்கப்பட்டு ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. வேலைத் தகவல் இருக்கும் இடத்தை விட்டு நீங்களே விலகுகிறீர்கள் என்று பொருள். உங்கள் சபையில் லாரி ஓனர், பள்ளித் தாளாளர், ஆடிட்டர், நர்ஸ் என்று யாராவது நிச்சயம் இருப்பார்.

1. ஆராதனை முடிந்த கூட்டத்தில் வேண்டாம். வார நாளில் நேரம் கேட்டுப் பாருங்கள்.
2. தெளிவாகக் கேளுங்கள். சி.எஸ்.ஐ. ஆயரிடம் என்றால் இப்படி: "ஐயா, போன பத்தாம் தேதியோட எனக்கு வேலை இல்லைங்க. பணம் கேட்டு வரலை. டிரான்ஸ்போர்ட்ல பதினோரு வருஷம் பில்லிங் பார்த்திருக்கேன். நம்ம சபையில லாரி ஆபீஸ் வெச்சிருக்கிறவங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க."
3. கத்தோலிக்கர் பங்குத்தந்தையோடு அன்பியப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். மளிகைக்கே முடையென்றால், பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இயங்குகிறதா என்று கேளுங்கள். வீடு தேடி வந்து அமைதியாக உதவுவது அவர்கள் வழக்கம்.
4. பெந்தெகொஸ்தே சபையாரானால், பாஸ்டரிடம் சொல்லும்போதே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "மேடையில என் பேரைச் சொல்லாம ஜெபிங்க பாஸ்டர்."
5. வாரம் ஒரு முறை உங்களோடு பேசி, நோட்டின் வலது பக்கத்தைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஜெபித்துவிட்டு "இந்த வாரம் எங்கெங்கே போனீங்க?" என்றும் கேட்கிறவராக இருக்கட்டும்.

படி 7: தேடலை வேலையாக்குங்கள் (இரண்டாம் வாரம் முதல்)

| நேரம் | செய்வது |
|---|---|
| காலை 6 – 7 | நடை, ஜெபம், நோட்டு |
| 9 – 12 | நேரில் போவது, போன், விண்ணப்பம் |
| 2 – 4 | புதிதாக ஒன்று கற்பது, காகித வேலை |
| மாலை | வீட்டு வேலை, பிள்ளைகளின் பாடம் |
| ஞாயிறு | தேடலுக்கு முழு விடுமுறை |

1. வட்டாரம் அறிந்து தேடுங்கள். பள்ளிகள் ஆளெடுப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஆத்தூர், ராசிபுரம் பக்கச் சேகோ ஆலைகளில் மரவள்ளி அறுவடை தொடங்கினால் ஆள் வேண்டும். புரட்டாசியில் முட்டை விற்பனை மந்தம், பண்ணையில் அப்போது கேட்டுப் பயனில்லை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறி, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை என்று ஊருக்கொரு தொழில் இருப்பதால், உங்கள் வேலைக்குப் பக்கத்து வேலை எந்த ஊரில் இருக்கிறது என்று யோசியுங்கள். பண்ணையில் ஸ்டாக் கணக்குப் பார்த்தவர் தீவன ஆலைக்கும் பொருந்துவார்.
2. பழகியவர்களைக் கூப்பிடுங்கள். "அண்ணே, வணக்கமுங்க. முன்னாடி உங்க வண்டிக்கு லோடு போட்டுட்டு இருந்தேனே, அவன்தானுங்க. இப்ப வேற இடம் பார்த்துட்டு இருக்கேன். தெரிஞ்சா சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை கூப்பிடட்டுங்களா?" மறுபடி கூப்பிடும் நாளைச் சொல்லாமல் போனை வைக்காதீர்கள். அந்த நாளில் கூப்பிடவும் மறக்காதீர்கள்.
3. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பியுங்கள். அங்கே நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களின் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
4. நேர்காணலில் "ஏன் விட்டீர்கள்" என்றால் ஒரே வரி: "ஆர்டர் குறைஞ்சதால ஆள் குறைச்சாங்க." பழைய முதலாளியைக் குறை சொன்னால் புது முதலாளி தன்னையும் அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார்.

கவனம்: வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னால் அது வேலை அல்ல. வெளிநாட்டு வேலை என்றால் முகவர் மத்திய அரசின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போகாதீர்கள். "நம்ம சபைக்காரர்தான்" என்பது உரிமம் ஆகாது. இணையத்தில் ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

கொல்லிமலையிலிருந்து ஒரு பாடம்

நாமக்கல் சமவெளியில் எங்கே நின்றாலும் கண்ணில் படும் கொல்லிமலையில், 1913 முதல் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும் மருத்துவமும் கல்வியும் வேதமுமாக உழைத்தார்கள். வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவராகப் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்கள் மகன். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவ்லின் ஊழியத்தைத் தொடர்ந்தார். 1947இல் அவருக்கு 68 வயது. இன்னொரு ஐந்தாண்டுக்கு அனுப்ப முடியாது என்று மிஷன் மறுத்தது.

அவர் செய்ததைப் படிகளாகப் பாருங்கள். ஐந்தாண்டு கிடைக்காதபோது ஓராண்டு கேட்டு வாங்கினார். அந்த ஆண்டு முடிந்ததும் மிஷனிலிருந்து முறைப்படி ஓய்வு பெற்றார். பிறகு தன் பொறுப்பில் மலைக்குத் திரும்பி, மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போனார். பச்சமலை, கல்வராயன் மலை வரை வேலையை விரித்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறக்கும்வரை ஓயவில்லை. நமக்கு இதிலிருந்து மூன்று:

- முழுதாக மறுக்கப்பட்டால் சிறியதாகக் கேளுங்கள்: மூன்று மாத நீட்டிப்பு, பகுதி நேரம், வேறு பிரிவு.
- கிடைத்த கால அவகாசத்தை அடுத்ததற்குத் தயாராகப் பயன்படுத்துங்கள்.
- பதவி போனாலும் கைத்திறன் உங்களோடுதான் வருகிறது. அது தேவைப்படும் இடத்தைத் தேடுங்கள்.

ஒரு தடுப்பும் வேண்டும். வேலை போன மாதத்திலேயே "கர்த்தர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார்" என்று கிளம்புகிறவர்கள் நம்மிடையே அதிகம். எவ்லின் அப்போது அந்த மலையையும் மக்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்தவர். உங்களுக்கு அழைப்பு மெய்யாகவே இருந்தால் ஓராண்டு பொறுத்தாலும் அது இருக்கும். அதுவரை சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள். உங்களை அறிந்த மூப்பர்களும் உங்கள் துணையும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

படி 8: கைத்தொழில், சுயதொழில் (இரண்டாம் மாதம்)

அப்போஸ்தலர் 18இல் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டு கொரிந்துவுக்கு வந்தவர்கள். கூடாரம் செய்யும் தொழில் அவர்கள் கையில் இருந்தது. அதே தொழில் தெரிந்த பவுலும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். 19ஆம் நூற்றாண்டில் சேலத்தில் ஊழியம் செய்த ஜான் மைக்கேல் லெக்லர் கைத்தொழில் கற்றுத்தரும் பள்ளியை நடத்தினார். அவர் பெயரில் ஓர் ஆலயம் இன்றும் சேலத்தில் இருக்கிறது. தொழில் கற்பது நம் சபைகளுக்குப் புதிதல்ல.

1. இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசப் பயிற்சிகள் நடக்கும். அடுத்த அணி எப்போது என்று கேளுங்கள்.
2. கோழி, ஆடு வளர்ப்பென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.
3. கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். சிறுபான்மையினர் என்ற முறையில் கிறிஸ்தவர் டாம்கோ கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேளுங்கள்.
4. பி.எஃப்., பணிக்கொடை முழுவதையும் முதலாகப் போடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் தொடங்குங்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று இயேசு சொன்னது லூக்கா 14இல் இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஜெபித்தாயிற்று, வேலை தானாக வரும் என்று காத்திருப்பது.
- வேலை போனதைப் பாவத்துக்குத் தண்டனை, செய்வினை என்று முடிவுகட்டுவது. யோபுவின் நண்பர்கள் செய்த தவறும் இதுதான்.
- சாட்சி சொல்லும் அவசரம். வேலை ஆர்டர் கைக்கு வந்து முதல் சம்பளம் வாங்கிய பிறகு சொல்லலாம்.
- குறைந்த சம்பளத்தை அவமானமாக நினைத்து மறுப்பது. வேலையில் இருந்துகொண்டு வேலை தேடுவது எளிது.
- நண்பரோடு ஒரு குவார்ட்டர் என்று தொடங்குவது, ஆன்லைன் ரம்மியில் இழந்ததைப் பிடிக்கப் பார்ப்பது.
- கோபத்தை வீட்டில் உள்ளவர் மேல் காட்டுவது.

உடனே உதவி

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை, சாவைப் பற்றிய நினைப்பு இருந்தால் அது விசுவாசக் குறைவு அல்ல. சிகிச்சை வேண்டிய நிலை.

1. தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியே சொல்லுங்கள்.
2. டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.
3. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள்.
4. வீட்டில் உள்ள பூச்சி மருந்து, தேவைக்கு அதிகமான மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.
5. "மாத்திரையை விடு, ஜெபம் போதும்" என்று யார் சொன்னாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் மாத முடிவில் கணக்கெடுப்பு

நோட்டை எடுத்துக்கொண்டு துணையோடும், வாராவாரம் பேசியவரோடும் உட்காருங்கள். ஐந்து கேள்விகள்:

1. வலது பக்கத்தில் எழுதியவற்றில் எத்தனை செய்தோம்?
2. பி.எஃப்., பணிக்கொடை, சான்றிதழ்களில் இன்னும் எது வரவில்லை?
3. இருப்பு இன்னும் எத்தனை மாதம் தாங்கும்?
4. தேடலை எந்த ஊருக்கு, எந்தத் தொழிலுக்கு விரிக்கலாம்?
5. இடது பக்கத்தில் கேட்டவற்றில் எது கிடைத்தது, எதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

வேலை கிடைத்திருந்தால், முதல் சம்பளத்தில் கடனுக்கு ஒரு பங்கும் காணிக்கைக்கு ஒரு பங்கும் எடுத்துவையுங்கள். உங்கள் சபையில் அடுத்து வேலை இழக்கப்போகிறவருக்கு இந்த ஃபைலைக் காட்டி, எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னல் என்று சொல்லிக்கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் படி 5இலிருந்து மறுபடி தொடங்குங்கள். படி 1, 2, 3 இன்றைக்கும் தேவை.